கருவியும் கதவும்

ஈகை என்பது கொடுப்பதோடு முடிவதன்று. கொடுத்தது எல்லோருக்கும் எட்ட வேண்டும். 1987-இல் முதல் உலக உணவுப் பரிசு பெற்ற எம். எஸ். சுவாமிநாதன், அத்தொகையைக் கொண்டு 1988-இல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் கண்டார். 1998-இல் புதுவைச் சிற்றூர்களில் கணினி வைத்து அறிவு மையங்கள் தொடங்கிய அந்நிறுவனம் ஒரு விதி வகுத்தது: தாழ்த்தப்பட்டோரும் பெண்களும் தடையின்றி நுழையும் பொது இடத்திலேயே மையம் அமைய வேண்டும். வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கி மீனவர்க்குச் சொன்னது. 2004 ஆழிப்பேரலையன்று நல்லவாடு மக்களை எச்சரித்ததும் ஒலிபெருக்கியே.

தண்டையார்பேட்டைக்கும் கடல் அண்டை வீடுதான். இன்று கைப்பேசி பலரிடம் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமல் திகைப்போரும் உண்டு. விடுமுறை நாட்களில் கல்லூரிக் கணினிகளைக் கரையோரக் குடும்பங்களுக்குத் திறந்துவிடலாமே! உடனிருந்து உதவ மாணவர்களாகிய நாம் இருக்கிறோம் அல்லவா?