ஓவர்லோடு யாருக்குச் சோறு போடுகிறது?

"ஓவர்லோடு அடிச்சாத்தான் லாரிக்குக் கட்டும்." டீக்கடையில், புரோக்கர் ஆபீஸில், செக்போஸ்ட்டில் நிற்பவர் வாயிலிருந்துகூட இதைக் கேட்டிருக்கிறேன். டீசல் விற்கிற விலைக்கும் டோலுக்கு அழுகிற காசுக்கும் சட்டப்படி ஏற்றினால் வண்டிக்காரன் எப்படிப் பிழைப்பான் என்பார்கள். இரக்கத்தில் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் வண்டிக்காரனைக் கடனாளியாக்கியதே இந்த நம்பிக்கைதான் என்கிறேன்.

விடியுமுன் ஏதாவது ஒரு கிரஷருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே எம்-சாண்டுக்கு டன் கணக்கு கிடையாது, யூனிட்தான். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய நாலரை டன். ஆறு சக்கர டிப்பரில் மூன்று யூனிட் போட்டாலே பதின்மூன்றரை டன் ஆகிவிடும். இப்படிப்பட்ட இரண்டு அச்சு வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் எடையோ, வண்டியின் சொந்த எடையையும் சேர்த்து, 18.5 டன். காலி டிப்பரே ஆறேழு டன் இருக்கும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. அதற்குமேலும் லோடர் இன்னொரு பக்கெட்டைக் கொட்டும். பின்சக்கர டயர்கள் பக்கவாட்டில் பிதுங்கி, ஜோடி டயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். ஸ்பிரிங் பட்டை வளைவெல்லாம் நிமிர்ந்து தட்டையாகிவிடும். டிரைவர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் அடுத்த நடை வேறு வண்டிக்குப் போய்விடும்.

அந்தக் கடைசிப் பக்கெட்டின் லாபம் யாருக்கு? பத்து லாரி இழுக்க வேண்டிய சரக்கை ஏழு லாரி இழுத்துவிட்டால் மூன்று லாரி ஷெட்டில் நிற்கும். நிற்கிற வண்டிக்கும் தவணை உண்டு. அதனால் அந்த மூன்று பேரும் வாடகையைக் குறைத்துக் கேட்பார்கள். மற்ற ஏழு பேரும் வேறு வழியில்லாமல் இறங்கி வருவார்கள். இறங்கிய வாடகையை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். கடைசியில் மலிவாகச் சரக்கை நகர்த்திக்கொண்டவர் ஏற்றி அனுப்பியவர் மட்டுமே.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2018 ஜூலையில் மத்திய அரசே எடை வரம்பைக் கூட்டியது. இரண்டு அச்சு வண்டிக்கு 16.2 டன் 18.5 டன் ஆனது. மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 டன் ஆனது. கூடுதலாக ஏற்றினால் கட்டும் என்பது உண்மையானால், லாரித் தொழில் அன்றைக்கே தலையெடுத்திருக்க வேண்டும். ஆனால் இருந்த வண்டிகளே கூடுதல் சரக்கை இழுத்தன, வாடகை படுத்தது. 2019இல் புது லாரி விற்பனை சரிந்தபோது தயாரிப்பாளர்கள் சொன்ன காரணங்களில் இந்த உயர்வும் ஒன்று.

என் பெரியப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். அவருடைய நோட்டில் முன்பக்கம் வாடகை வரவு, பின்பக்கம் செலவு. ரீட்ரேட் டயர், கிளட்ச் பிளேட், முறிந்த பட்டை, ஒருமுறை விரிசல் விட்ட ஆக்சில் ஹவுசிங் என்று பின்பக்கம் நிறைந்துகொண்டே வந்தது. ஓவர்லோடு காசு அன்றே கைக்கு வந்துவிடும், அதன் செலவு நாலைந்து மாதம் கழித்துத்தான் வரும். அதனால் இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. வண்டியை விற்ற பிறகு நானும் அவரும் உட்கார்ந்து கூட்டினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை.

சாலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சோதனையிலிருந்தே பொறியாளர்களுக்குத் தெரிந்த கணக்கு அது: அச்சின் மேல் சுமை இருபது சதவீதம் கூடினால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு, ஐம்பது சதவீதம் கூடினால் ஐந்து மடங்கு.

உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் லாரி சக்கரங்களிலிருந்து புகை எழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. இறக்கத்தில் வண்டியின் வேகத்தையெல்லாம் பிரேக் டிரம் சூடாக வாங்கிக்கொள்கிறது. 18 டன்னுக்காகச் செய்த டிரம் 25 டன்னையும் தாங்கியாக வேண்டும். சூடு ஏற ஏற லைனிங் பிடிமானத்தை இழக்கும். மிதித்தாலும் நிற்காது. மறுநாள் செய்தியில் "பிரேக் பிடிக்காததால்" என்று இருக்கும். எத்தனை டன் இருந்தது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

இவ்வளவுக்கும் குற்றவாளி டிரைவர்தான் என்று ஊர் நினைக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவின்படி, ஓட்டுபவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் கருதலாம். 194ஆம் பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட விட்டவரையும் பிடிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சுமையை இறக்காமல் வண்டி நகரவே கூடாது. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போக விடுவது செல்லாது என்று 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அபராதச் சீட்டோடு அதே பாரத்தைச் சுமந்துகொண்டு கிளம்புகிற வண்டிகளை இன்றும் பார்க்கிறேன்.

கிரஷர் வாசலிலேயே எடை போடுங்கள், ஏற்றுகிறவரிடமே கேளுங்கள் என்பதுதான் என் வாதம். டிரைவர் சட்டைப் பையில் ஒரு பில் இருக்கிறது. சரக்கு எங்கே ஏறியது, எவ்வளவு ஏறியது, யார் ஏற்றினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. வண்டியை நிறுத்தும் அதிகாரி அதைக் கையில் வாங்கிப் படிக்கிறார். வண்டி எண்ணை எழுதிக்கொள்ளும் அதே தாளில் அந்தப் பெயரையும் எழுதட்டும்.