கைமருந்துக்கு ஓர் உரைகல்

நீரிழிவுக்கு ஆவாரம்பூ, நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சா என்று யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கைமருந்து உண்டு. மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உளர். முன்னோர் வாக்குப் பொய்க்காது என்று வாதிடுவோரும் உளர். சோதித்துப் பார்ப்போம் என்பவரைக் காண்பதுதான் அரிது.

சிங்களத்தில் 'கொத்தல ஹிம்புட்டு' என்றும் தமிழில் பொன்கொரண்டி என்றும் வழங்கும் கொடியை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு ஊறிய நீரை நீரிழிவு நோயாளர் காலையில் அருந்துவது இலங்கையின் நெடுங்கால வழக்கம். அதிலிருந்து சலாசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்து 1997இல் அறிவித்தவர்களோ, யப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தினர். குவளை நம்முடையது, அளந்து காட்டிய கை அயலாருடையது.

அளக்கும் முறை பெருஞ்செலவானதன்று. மாச்சத்துச் செரிமானத்தின் இறுதியில் குளுக்கோசை விடுவிப்பது சிறுகுடலின் ஆல்பா-குளுக்கோசிடேசு நொதியம். அதைத் தடுத்தால் உணவுக்குப் பின் குருதியில் சர்க்கரை மெதுவாகவே ஏறும். இந்நொதியம் உடைத்ததும் மஞ்சளாகும் நிறமற்ற பொருளொன்று ஆய்வுகூடங்களில் உண்டு. மூலிகைச் சாறு சேர்த்தபின் மஞ்சள் குறைந்தால், அங்கே ஒரு தடுப்பான் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாற்றின் சொந்த நிறம் அளவீட்டைக் குழப்பும். தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையில் உள்ளது போன்ற துவர்ப்பொருள் எந்தப் புரதத்தையும் பற்றும். மலிவான மதுவ நொதியத்தை அக்காபோசு மாத்திரை வலுவாகத் தடுப்பதில்லை; குடல் நொதியத்தையே தடுக்கிறது. ஆகவே மதுவ நொதியத்தில் அக்காபோசை வென்ற சாறு, மனிதக் குடலிலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. சாற்றைச் சோதிக்குமுன் சோதனையையே சோதிக்கவேண்டும். அதன்பின்னும் மனிதரில் ஆய்வு எஞ்சியிருக்கும்.

போர்க்காலத்தில் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. நொதியத்தையோ உறைகுளிரில் காக்கவேண்டும். அன்று அது தக்க காரணம். இன்று அது காரணமாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவமும் உண்டு, உயிரிரசாயனமும் உண்டு. இரண்டும் ஒரே மேசையில் அமரவேண்டும். கோபுரத் திருப்பணிக்கு வாரி வழங்கும் புலம்பெயர் உறவுகள் இம்மேசைக்கும் சிறிது ஈயலாம்.

சூரணத்தை நம்பி இன்சுலினைக் கைவிடுபவர் உயிரைப் பணயம் வைக்கிறார். அவருக்கு நாம் தரவேண்டியது பெருமைப் பேச்சன்று, அளந்தறிந்த விடை. அது 'பயனில்லை' என்பதாயினும் அச்சேறவேண்டும்.