தரகர் காட்டிய மானியம்

சென்ற வாரம் நமது பழைய மாணாக்கர் ஒருவர் நம் வீடு தேடி வந்தார். கையில் ஓர் அச்சடித்த துண்டுப் பிரசுரம்.

"பத்து மாடு வாங்கினால் சர்க்கார் ஒன்றேகால் லட்சம் இனாமாகத் தருகிறதாம், ஸார். மனுப் போட்டுக் கொடுக்கத் தரகர் பத்தாயிரம் கேட்கிறார். இரண்டாயிரம் கொடுத்துவிட்டேன். பாக்கிக்குச் சம்சாரத்தின் வளையலை வைத்துத்தான்..." என்று இழுத்தார்.

பிரசுரத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் கண்ட தொகை பொய்யன்று, காலங்கடந்தது. 2010-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் 'பால்பண்ணைத் தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்து, நபார்டு பாங்கியின் மூலம் நடத்தி வந்தது. பத்து மாட்டுப் பண்ணைக்கு 5 லட்சம் ரூபாய் ஆகும் என்று முதலில் கணக்கிட்டு, அதில் நூற்றுக்கு 25 வீதம் மானியம் வைத்தார்கள்; பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் நூற்றுக்கு 33.33. 2020-21-இல் அத்திட்டம் நின்றுவிட்டது. பிரசுரம் மட்டும் நிற்கவில்லை. தரகர்களுக்கு அது இன்னமும் வற்றாத பசுவாய் இருக்கிறது!

திட்டம் நடந்த காலத்திலும் 'இனாம்' என்ற சொல் பொருந்தியதில்லை. கடன் கொடுப்பது பாங்கி. மாடு வாங்குவது அந்தக் கடனில். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடனானால் பத்தில் ஒரு பங்கேனும் மனுதாரர் சொந்தமாகப் போட வேண்டும். மானியத் தொகை பாங்கியில் தனிக் கணக்கில் முடங்கிக் கிடக்கும். அந்த அளவுக்கு வட்டி கிடையாது. தவணைகளை ஒழுங்காகக் கட்டி வந்தால் கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் கடன் வாராக்கடனாய்ப் போனால் மானியமும் திரும்பிப் போய்விடும். ஆகவே மாடு வாங்குகிற நாளில் ஒரு பைசா கூடக் கைக்கு வராது. இதைத் தரகர்கள் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் யார்தான் பத்தாயிரம் கொடுப்பார்கள்?

பிற்பாடு வந்த ஏற்பாடுகள் வேறு மாதிரியானவை. 2020-இல் 15,000 கோடி ரூபாயில் ஒரு கால்நடை நிதி ஏற்படுத்தி, வட்டியில் 3 சதவிகிதம் குறைத்தார்கள். பால் பதனிடும் நிலையம், தீவன ஆலை முதலிய பெரிய காரியங்களை நோக்கியே அது ஏற்பட்டது. 2021-இல் திருத்தியமைத்த தேசீய கால்நடை இயக்கத்தில் செம்மறி, வெள்ளாடு, கோழி, பன்றி இவற்றுக்குப் பாதி மானியம் உண்டு, தீவனத்துக்கும் உண்டு. கறவை மாடு அந்த ஜாபிதாவில் இல்லை. நம் மாணாக்கரைப் போன்றவருக்கு உபயோகமானது விவசாயக் கடன் அட்டைதான். 2018-19-இல் அதைக் கால்நடை வளர்ப்புக்கும் விஸ்தரித்தார்கள். தீவனம், வைத்தியம் முதலிய அன்றாடச் செலவுக்கு அதில் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும்.

அன்றாடச் செலவு என்று நாம் சொன்னதும் அவர் சிரித்தார். மாடு தின்னும் செலவே பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஈன்ற மாடு ஏறக்குறையப் பத்து மாதம் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றிக் கிடக்கும். அப்போதும் வயிறு வற்றாது. பாங்கித் தவணையும் வற்றாது. பத்து மாட்டையும் ஒரே சந்தையில் வாங்கிக் கட்டினால் எல்லாம் சேர்ந்தாற்போல் கறவை நிற்கும். பாதியை இப்போதும் மீதியை ஐந்தாறு மாதம் கழித்தும் வாங்குவதே முறை. இன்ஷ்யூரன்ஸ் செய்த மாட்டின் காதில் உள்ள வில்லை விழுந்துவிட்டால், உடனே தெரிவித்து வேறு வில்லை போட்டுக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் மாடு செத்தால் பணம் கிடைப்பது துர்லபம்.

"அப்படியானால் யாரைத்தான் கேட்பது, ஸார்?" என்றார்.

"உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரைக் கேள், அப்பா. பிறகு நீ கணக்கு வைத்திருக்கும் பாங்கிக்குப் போ. இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கு. இரண்டு இடத்துக்கும் தரகர் தேவையில்லை."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "முதலில் இரண்டு மாடு போதும், ஸார்" என்றார். கிணற்றடியில் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறதாம். அதில் கம்பு நேப்பியர் கரணை ஊன்றினால் முதல் அறுப்புக்குச் சுமார் எண்பது நாள் ஆகும் என்றோம். புல் அறுப்புக்கு வந்த பிறகே சந்தைக்குப் போவதென்று தீர்மானித்தார்.

தரகரிடம் கொடுத்த இரண்டாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. வளையல் வீட்டில்தான் இருக்கிறது.