ஆறுவதற்கும் ஒரு கணக்கு

மின்சார வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேட்டரி வரும், பேட்டரியைத் தொட்டு நிக்கல் வரும். எத்தனை டன், விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தாது உருகி, இன்னும் உலோகமாகாமல் நிற்கும் இடைநிலையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ‘நிக்கல் மேட்’ என்ற அந்தக் கந்தகக் கூட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கனடாவின் ஸட்பரியில் 1883-ல் ரயில் பாதை போடும்போது வெளிப்பட்டது தாது. அதில் நிக்கல், செம்பு, இரும்பு மூன்றும் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கின்றன. உலையில் காற்றை ஊதினால் இரும்பு ஆக்சைடாகி, மணலோடு சேர்ந்து கசடாக ஒதுங்கிவிடும். எஞ்சும் மேட்டில் ஏறத்தாழ பாதி நிக்கல். கால்பங்குக்குச் சற்றே கூடுதலாகச் செம்பு. மற்றது பெரும்பாலும் கந்தகம். நிக்கலையும் செம்பையும் பிரிப்பதுதான் பெரும்பாடு. முன்பெல்லாம் சோடியம் சல்பைடு சேர்த்துத் திரும்பத் திரும்ப உருக்கினார்கள். செம்பு மேலடுக்கிலும் நிக்கல் கீழடுக்கிலும் சேரும்.

1940-களில் இன்கோ நிறுவனம் வேறு வழி கண்டது. குழம்பைப் பெரிய அச்சுகளில் ஊற்றி, மூடி, நாட்கணக்கில் ஆறவிட்டார்கள். சுமார் 920 டிகிரி செல்சியஸில் செம்பு சல்பைடு படிகமாகத் தொடங்குகிறது. 700 டிகிரியை ஒட்டி நிக்கல்–செம்பு உலோகக் கலவை பிரிகிறது. 575-ல் மிச்சக் குழம்பும் உறைந்து நிக்கல் சல்பைடு பிறக்கிறது. வேலை அங்கேயும் முடிவதில்லை. 520 டிகிரி வாக்கில் நிக்கல் சல்பைடு தன் படிக அமைப்பையே மாற்றிக்கொண்டு, உள்ளே கரைந்திருந்த செம்பை வெளியே தள்ளுகிறது. கெட்டியான பிறகும் அணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அவசரமாக ஆற்றினால் இதே பொருட்கள் பொடிப்பொடியாகப் பின்னிக்கொள்ளும். எவ்வளவு அரைத்தாலும் பிரியாது. ஒரே பதநீர்தான், சிரட்டையில் ஊற்றிச் சட்டென உறைந்தால் கருப்பட்டி, பானையில் வாரக்கணக்கில் காத்தால் கற்கண்டு.

பொறுமையாக ஆறிய மேட்டை அரைத்து, காந்தத்தைக் காட்டினால் உலோகக் கலவை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அளவில் சிறிய பங்குதான். ஆனால் தாதுவிலிருந்த பிளாட்டினம், பல்லேடியம், தங்கம் ஆகியவற்றின் பெரும்பகுதி அதற்குள் அடைக்கலம். மிச்சத்தை நுரையில் மிதக்கவைத்தால் செம்பும் நிக்கலும் தனித்தனியே கிடைக்கும்.

அந்த நிக்கல் சல்பைடு இயற்கையில் கிடைத்தால் ஹீசல்வுடைட் என்று பெயர். டாஸ்மேனியாவின் ஹீசல்வுட் என்ற இடத்தை ஒட்டி வந்தது. மண்ணில் அரிது, ஆலையில் டன் கணக்கில் விளைகிறது. ஆனால் உலையில் பிறந்ததைக் கனிமம் என்று கனிமவியலார் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதே அணுக்கள், அதே அடுக்கு, பிறப்பிடம்தான் தடை. அவர்கள் பட்டியல், அவர்கள் விதி; இருக்கட்டும்.

என் வழக்கு வேறு. வேகமாக ஆறியதையும் மெதுவாக ஆறியதையும் ரசாயனச் சோதனைக்கு அனுப்பினால், ஒரே சதவீதங்கள்தான் வரும். ஒன்றில் அரைவையும் காந்தமும் வேலையை முடிக்கும். இன்னொன்றில் பல்லைக் காட்டும். என்ன இருக்கிறது என்று சொல்லும் அறிக்கைக்குப் பக்கத்தில், எப்படி இருக்கிறது என்று பார்க்கும் நுண்ணோக்கியும் வேண்டும். முதலாளிக்குச் சும்மா கிடப்பதாகத் தெரியும் அந்த அச்சுகளில்தான் ஆலையின் பாதி வேலை நடக்கிறது.