கணக்கு வராத பிள்ளைக்கு அனிமேஷனா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் கோபாலபுரம் வீட்டுக்கு வந்தாள். கூடவே பையன். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகம்.

"பெரியம்மா, இவனுக்குக் கணக்கு சுத்தமா வரல. அதான் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் டிகிரியில சேர்த்துடலாம்னு பார்க்கறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஐம்பதாயிரம் கட்டினா சீட் உறுதியாம். மூணு வருஷத்துக்கு ஒன்பது லட்சம். லோன் அவங்களே ஏற்பாடு பண்ணித் தராங்களாம்."

பையனைக் கேட்டேன். "நீ என்னப்பா வரைவே?"

"வரைய மாட்டேன் பாட்டி. சாஃப்ட்வேர்லயே எல்லாம் வந்துடுமாம்."

அந்த "வந்துடுமாம்"தான் என்னை இதை எழுத வைக்கிறது.

அனிமேஷன் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அது கஷ்டமான படிப்பு. அதைக் கணக்கு வராதவர்களின் புகலிடமாக விற்கிறார்கள், நாமும் மார்க் ஷீட்டைப் பார்த்த பயத்தில் வாங்கிவிடுகிறோம். என் கோபம் இரண்டு பேர் மீதும்தான்.

முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பந்து துள்ளுவதை அசைய வைக்க வேண்டுமானால் அது மேலே போகும்போது எங்கே வேகம் குறைகிறது, கீழே வரும்போது எப்படிக் கூடுகிறது என்று தெரிய வேண்டும். நிஜத் தெருவில் எடுத்த காட்சிக்குள் கணினியில் செய்த காரை நிறுத்த, வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு நீளம், கேமராவில் என்ன லென்ஸ் என்று தெரிய வேண்டும். உருவத்தைத் திருப்புவதும் நகர்த்துவதும் பெரிதாக்குவதும் உள்ளுக்குள் அணிகளும் வெக்டர்களும்தான். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகள். எல்லா அனிமேட்டரும் தினமும் கணக்குப் போட வேண்டியதில்லை, சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளும். ஆனால் வெள்ளம், தீ, புகை செய்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. மற்றவர்களுக்கு ஓவியம் இல்லாமல் முடியாது. இரண்டும் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அங்கே என்ன மிஞ்சும்?

1957-ல் வடபழனியில் எடுத்த 'மாயா பஜார்' நினைவிருக்கிறதா? ரங்காராவ் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகும். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. வெளிச்சமும் லென்ஸும் தெரிந்த ஒரு மனிதரின் கண்தான் அந்த மாயத்தைச் செய்தது. இன்றைக்குக் கருவி மாறியிருக்கிறது. அந்தக் கண்ணை எந்தக் கருவியோடும் சேர்த்து விற்பதில்லை.

"சென்னையிலேயே நிறைய வேலை இருக்கே டீச்சர்" என்பீர்கள். இருக்கிறது. டிஎன்இஜி போன்ற உலக நிறுவனத்துக்கு இங்கே ஸ்டுடியோ உண்டு. 'அயலான்' படத்து வேற்றுக்கிரகவாசியைச் செய்த பாண்டம் எஃப்எக்ஸ் நம் ஊர் நிறுவனம். ஆனால் சாஃப்ட்வேர் மட்டும் தெரிந்தவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் 'ரோட்டோ' வேலை. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க, ஓரங்களைப் ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு வெட்டுவது. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஐந்து விநாடிக் காட்சிக்கு 120. ஏஐ கருவிகள் முதலில் கை வைத்திருப்பதும் இதில்தான்.

பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் கவலையில்லை என்ற நினைப்பும் வேண்டாம். 'லைஃப் ஆஃப் பை' படத்துப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. வாங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே திவால் மனு கொடுத்திருந்தது. 'முஃபாசா' படத்தைச் செய்த எம்பிசியின் தாய் நிறுவனம் டெக்னிகலர், படம் வந்து இரண்டே மாதத்தில், 2025 பிப்ரவரியில் சரிந்தது. பெங்களூரு அலுவலகமும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் வேறு இடத்துக்குப் போக, அடிப்படை தெரிந்தவருக்கு வழி இருக்கும். பட்டன் மட்டும் தெரிந்தவருக்கு?

இதில் எனக்கும் பங்கு உண்டு. பல வருஷம் முன்பு என் மாணவன் ஒருவனை "நல்ல ஸ்கோப்" என்று சொல்லி இப்படி ஒரு இடத்தில் சேரச் சொன்னதே நான்தான். அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆறு வருஷம் ரோட்டோ, பாதி நாள் இரவு ஷிஃப்ட். போன வருஷம் வேலை போய்விட்டது. பார்க்க வந்தவன் என்னைக் குறை சொல்லவில்லை. "வரையவும் சொல்லித் தரல டீச்சர், கணக்கும் சொல்லித் தரல. எந்த பட்டனை அழுத்தணும்னு மட்டும் சொல்லிக் கொடுத்தாங்க" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே, பணம் கட்டும் முன் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று. பிள்ளையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். மயிலாப்பூர் குளக்கரையில் உட்கார்ந்து தினம் பத்து மனிதர்களை வரையட்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிளெண்டரை இறக்கிக்கொள்ளட்டும், அது இலவசம். லாட்வியா நாட்டு 'ஃப்ளோ' படம் அதே பிளெண்டரில் செய்து 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. மூன்று மாதத்தில் பத்து விநாடிப் படம் ஒன்றைத் தானாகச் செய்தால் தாராளமாகச் சேருங்கள். மூன்றே நாளில் நோட்டு மூலைக்குப் போனால் ஒன்பது லட்சம் மிச்சம்.

இரண்டு. "பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள். பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கும் மட்டும்தான். பெயரை வாடகைக்கு எடுத்துக் கிளை நடத்திப் பட்டம் கொடுப்பதை யுஜிசி அனுமதிப்பதில்லை.

மூன்று. போன வருஷம் முடித்த ஐந்து பேரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டிய புகைப்படங்களை நம்பாதீர்கள். சொல்லிக் கொடுப்பவர்கள் எந்தப் படத்தில் என்ன வேலை செய்தார்கள் என்றும் கேளுங்கள்.

நான்கு. பெரிய விளம்பரத்தில் வராத இடங்களையும் பாருங்கள். தரமணி எம்ஜிஆர் அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கே நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. எழும்பூரில் 1850-லிருந்து ஓவியம் சொல்லித் தரும் அரசுக் கல்லூரி இருக்கிறது. அகமதாபாத் என்ஐடி இருக்கிறது. ஐஐடிகளில் டிசைன் படிக்க யுசீட் தேர்வு இருக்கிறது. இடம் கிடைப்பது கஷ்டம்தான். அங்கெல்லாம் பிள்ளையைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சோதிக்காமல், வெள்ளிக்கிழமைக்குள் பணம் கேட்கிறவருக்குப் பிள்ளை யாராக இருந்தால் என்ன?

இன்று புதன். என் தங்கை மகளும் இதைப் படிப்பாள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா, இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம் என்கிறேன்.

இந்தத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் முதல் வேலை என்ன, எதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் எழுதுங்கள். நாளை சாயங்காலம் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்