கியர் மாறும்போது ஏன் இந்த உதை?

"மாமனார் ஆசை ஆசையாக வைத்திருக்கும் பழைய டீசல் பென்ஸ் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1983-ல் தயாரான 300டி. ஆட்டோமாட்டிக் கியர். இரண்டு மாதமாக ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைப்பது போல் தூக்கிப் போடுகிறது. எனக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்து ஏழு வாரம்தான் ஆகிறது. தடுப்பூசி போடக் குழந்தையைக் கூட்டிப் போய்த் திரும்புவதற்குள் தையல் போட்ட இடம் விண் விண்ணென்று தெறிக்கிறது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் பண்ணியே ஆகணும் என்கிறார். அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து மாமனார் சரியாகச் சாப்பிடுவதில்லை. காரை விற்றுத் தொலைக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பி.கு.: சாவியைத் திருப்பினாலும் என்ஜின் உடனே அணைவதில்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. பின் கதவு இரண்டும் பூட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறது. இதையும் சேர்த்துச் சரி செய்துவிடலாமா?"

ஒரு சகோதரி இப்படி எழுதியிருக்கிறார். கடிதத்தைவிட எனக்கு அந்தப் பின்குறிப்புதான் முக்கியமாகப் பட்டது. கியர் உதைக்கிறது, என்ஜின் அணைய மறுக்கிறது, கதவு பூட்டவில்லை. மூன்று ரிப்பேர் என்று அவர் நினைக்கிறார். மூன்றும் ஒரே நோயின் அறிகுறியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு ஜுரம், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்றால் மூன்று மருந்தா கொடுப்போம்? காதைப் பாருங்கள் என்றுதானே டாக்டரிடம் சொல்வோம்!

பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும் வழியில் ஒரு தகடு உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். மூடிய வழியில் என்ஜின் காற்றை இழுக்கப் பார்ப்பதால் உள்ளே ஒரு உறிஞ்சு சக்தி உண்டாகிறது. மெக்கானிக்குகள் 'வாக்குவம்' என்பது இதைத்தான். இந்த டீசல் என்ஜினில் அந்தத் தகடு கிடையாது. அதனால் வாக்குவம் உண்டாக்குவதற்கென்றே என்ஜினின் முன்பக்கத்தில் ஒரு சிறு பம்பு வைத்திருக்கிறார்கள்.

1976 முதல் 1985 வரை வந்த இந்த '123' வரிசை பென்ஸ் கார்களில் அந்த ஒரு பம்புக்கு வேலை கொஞ்சநஞ்சமில்லை. பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்கும்படி உதவுவது அது. கதவுகளை ஒருசேரப் பூட்டுவதும் அதுதான். சாவியைத் திருப்பியதும் டீசல் வருவதை அடைத்து என்ஜினை நிறுத்துவதும் அதுவே. (பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறியை நிறுத்தினால் போதும். டீசலில் தீப்பொறியே இல்லையே, எண்ணெயைத்தான் நிறுத்த வேண்டும்.) நான்காவது வேலை, கியர்பாக்ஸுக்குத் தகவல் சொல்வது. மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து நாலு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லைக் குழாய் ஒழுகினால் சமையலறையில் தண்ணீர் நூலாக வரும், இல்லையா?

கியர்பாக்ஸுக்கு என்ன தகவல்? ஆட்டோமாட்டிக் கியரில் ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் உள்ளே சில தட்டுகளும் பட்டைகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன. நாம் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அமுக்கினால் மெதுவாகப் பிடித்தால் போதும். மேட்டில் ஏறும்போது காலை அழுத்தி வைத்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு வழுக்கித் தேய்ந்து கருகிப் போகும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கியர்பாக்ஸ் இந்த வாக்குவத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. வாக்குவம் நிறைய இருந்தால் 'மெதுவாகப் பிடி' என்று அர்த்தம். குறையக் குறைய, 'இறுக்கிப் பிடி'.

எங்கேயோ ஓட்டை விழுந்து வாக்குவமே வரவில்லை என்றால்? அம்மா முழு பலத்தோடு மிதிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் ஒவ்வொரு தடவையும் ஓங்கிப் பிடிக்கிறது. நமக்கு உதை விழுகிறது. பாவம், அது தன் கடமையைத்தான் செய்கிறது. அதை இறக்கிப் பிரித்துப் போட்டால் ஓட்டை அடைபடுமா? குக்கரில் கேஸ்கட் போனால் கேஸ்கட்டை மாற்றுவோமா, அடுப்பை மாற்றுவோமா!

ஓட்டை பெரும்பாலும் ரப்பரில்தான் இருக்கும். மெல்லிய குழாய்கள் கெட்டியான பிளாஸ்டிக். அவை சேரும் இடங்களில் சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் முழங்கைகள் போட்டிருப்பார்கள். நாற்பது வருஷ வெயிலில் அவை வறண்டு வெடித்துவிடுகின்றன. கதவுக்குள்ளே பூட்டை இழுக்கும் டப்பாவிலும் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தாலும் இதே கதைதான். பின் கதவு இரண்டும் பூட்டவில்லை என்று எழுதியிருப்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

சந்தேகம் சரியா என்று பார்க்கச் செலவே இல்லை. பம்பிலிருந்து பிரேக்குக்கு ஒரு தடித்த ஹோஸ் போகும். அதிலிருந்து மெல்லிய கிளைகள் பிரியும். கதவுக்குப் போகும் கிளை எது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லி, அதில் ஒரு கலர் நூலைக் கட்டி வையுங்கள். என்ஜின் அணைந்து ஆறிய பிறகு, அந்தக் கிளையை மட்டும் கழற்றி, கழற்றிய வாயைக் காற்றுப் புகாமல் இறுக அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த ஹோஸை மட்டும் தொடவே கூடாது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்து, என்ஜினும் சாவிக்குக் கட்டுப்பட்டால் ஓட்டை கதவுப் பக்கம்தான். உதை அப்படியே இருந்தால் மற்றக் கிளைகளையும் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வாக்குவத்தை வாங்கிக்கொள்ளும் சிறு டப்பா ஒன்று உண்டு. பெயர் மாடுலேட்டர். அதன் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவை மட்டும் மாற்றலாம், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

பிரேக் விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். தொட்டி ஒன்றுதான் என்று சொன்னேனே! என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை அமுக்குங்கள், கல் மாதிரி இறுகும். காலை எடுக்காமல் அப்படியே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கால் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பிரேக்குக்கும் வாக்குவம் போதவில்லை. அந்த நிலையில் காரை வெளியே எடுக்கவே வேண்டாம். மாமனார் எவ்வளவு சொன்னாலும் சரி, ஆட்டோ வைத்துக்கொண்டு போங்கள்.

பிரேக் சரியாக இருந்து அவசியம் போகத்தான் வேண்டும் என்றால், குழந்தை உங்கள் மடியில் வேண்டாம். பின் சீட்டில் அதற்கான குழந்தை இருக்கையில் கட்டி வையுங்கள். உங்கள் பெல்ட்டின் கீழ்ப்பட்டை தையல் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படியட்டும். குலுக்கல் இல்லாமலே வலி தொடர்ந்தாலோ, தையலில் சிவப்போ கசிவோ தெரிந்தாலோ மெக்கானிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

எல்லா உதையும் வாக்குவத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும் வண்டியை 'பி'யிலிருந்து 'டி'க்குத் தள்ளும்போது மட்டும் 'டொக்' என்று இடித்தால் ஐட்லிங் வேகம் கூடியிருக்கலாம், அல்லது என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கோ அடியில் ஓடும் ஷாஃப்டின் ரப்பர் வட்டமோ தேய்ந்திருக்கலாம். கியர் மிருதுவாகத்தான் மாறுகிறது, ஆனால் மாற வேண்டிய வேகத்தில் மாறவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். உதைக்கு நேர் எதிராக, கியர் மாறும்போது என்ஜின் மட்டும் 'ஊய்' என்று கத்தி வண்டி நகரத் தயங்கினால் அது வழுக்கல். அதுதான் உதையைவிடக் கெட்டது.

கியர் ஆயிலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடான பிறகு, சமதரையில், 'பி'யில் வைத்து, என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். முந்தானை, ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நூல் உதிரும் பழந்துணியால் டிப்ஸ்டிக்கைத் துடைக்க வேண்டாம், ஒரு இழை உள்ளே போனாலும் வம்பு. ஆயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய நாற்றம் அடித்தால் மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். உள்ளே தட்டுகள் தேய்ந்திருக்கும்.

ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்கும் முன் மெக்கானிக்கிடம், "பம்பில் வாக்குவம் எவ்வளவு காட்டுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல பம்பு சுமார் 20 அங்குலம் காட்ட வேண்டும். அதை அளக்கும் மீட்டர் இல்லாமலேயே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லியிருந்தால் வேறு ஒருவரிடம் காட்டுங்கள். கதவுப் பக்கம்தான் ஓட்டை என்று தெரிந்துவிட்டால் அந்தக் கிளையை அடைத்தபடியே வண்டியை ஓட்டலாம். கதவு டப்பாக்களைக் கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை நாலு கதவையும் கையாலேயே பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.