பிந்தி வரும் சடங்கு

ரம்புக்கனையிலும் கேகாலை மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலுமுள்ள இறப்பர்த் தோட்டங்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளாவது லயம் முழுவதும் அறியும் செய்தியாகும். தாய்மாமன் சீரும் மஞ்சள் நீராட்டும் விருந்தும் கடன்பட்டேனும் நடந்தேறும். அப்பிள்ளைக்கு மாத்திரம் தன்னுடலில் நிகழ்ந்தது யாதென்று எவரும் கூறுவதில்லை. தீட்டு என்பர், உடற்சூடு என்பர், அதற்குமேல் வினவினால் வாயடைப்பர்.

தீட்டுமன்று, சூடுமன்று. மூளையின் அடிப்புறத்திலுள்ள பரிவகக்கீழ் ஓர் ஓமோனைச் சிறு துடிப்புகளாக, முதலில் உறக்கத்தின்போது, வெளிவிடத் தொடங்குகின்றது. அதனாற் கபச் சுரப்பியும், கபச் சுரப்பியினாற் சூலகமோ விதையோ தூண்டப்படுகின்றன. சூலகம் ஈஸ்திரஜனையும் விதை தெஸ்தெஸ்தரோனையும் சுரக்கின்றன. பரிவகக்கீழின் அவ்வோமோனைப் பிரித்தறிந்த ஷாலி, கியமன் ஆகியோர் 1977இல் நோபல் பரிசு பெற்றனர். பள்ளிப் பாடமாகிவிட்ட இவ்வுண்மை இன்னும் லயத்து வாசலைத் தாண்டவில்லையெனின், குற்றம் லயத்தினுடையதன்று. ‘இப்பகுதியை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியரே அதற்குப் பொறுப்பாளி. வைகறையிற் பால் வெட்டச் செல்லும் தாய் எந்த நூலை வாசித்து மகளுக்கு விளக்குவாள்?

சடங்கை முற்றாகப் பழிப்பவரும் உளர். அது அரைகுறை அறிவு. உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் அக்காலத்தில் ஊட்டப்படுவதில் முன்னோரின் அனுபவம் உண்டு. குறை வேறிடத்தில் உள்ளது: அவ்வுணவு பிந்தி வருகின்றது. பெண்பிள்ளையின் பருவமாற்றம் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே மார்பக வளர்ச்சியுடன் தொடங்குகின்றது. முதல் மாதவிடாய் அதற்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளின் பின்னரே வருகின்றது. உயரம் மிக விரைந்து கூடும் காலம் அதற்குள் கடந்துவிடும். எலும்பின் வளர்முனைகளை மூடச் செய்வதும் ஈஸ்திரஜனே. ஆதலின் பூப்பெய்தியபின் எஞ்சும் உயரம் ஏறத்தாழ 5 முதல் 7 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஒன்பது வயதிற் கிடைக்காத முட்டை பதின்மூன்று வயதிற் பந்தலின்கீழ்க் கிடைக்கின்றது!

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதத்தினர். தோட்டங்களிலோ 32 வீதத்தினர். அன்றைய அப்பிள்ளைகளே இன்று பருவ வயதினர். உடலிற் போதிய கொழுப்புச் சேமிப்பு உண்டென்பதை லெப்ரின் என்னும் ஓமோன் மூளைக்கு உணர்த்துகின்றது. குறைவூட்டத்தாற் பருவமாற்றமே பிந்துவதுண்டு. விருந்துக்குச் செலவாகும் கடனிற் காற்பங்கை நான்காண்டுகள் முன்னதாகப் பருப்பிலும் முட்டையிலும் செலவிட்டால் எந்தத் தெய்வம் கோபிக்கும்?

‘பெரியவளாகிவிட்டாள்’ என்னும் சொல்லும் ஏமாற்றுகின்றது. முதல் ஓரிரு ஆண்டுகளின் மாதவிடாய்ச் சுற்றுகள் பலவற்றிற் சூல் வெளியேறுவதேயில்லை. இடுப்பெலும்பும் வளர்ச்சி நிறைவுறாதது. திருமண வயதைப் 18 ஆக 1995இல் உயர்த்திய சட்டம் இவ்வுடலுண்மைக்கு ஒத்தது. சடங்குப் பந்தலிலேயே மாப்பிள்ளை பேசுவது ஒவ்வாதது.

ஆண்பிள்ளைக்கோ பந்தலுமில்லை, பேச்சுமில்லை. தெஸ்தெஸ்தரோனாற் குரல்வளை பெருத்துக் குரல் உடைகின்றது. பையன்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு மார்பு சற்றே வீங்கிப் பின் தானாக வற்றும். இதனை அறியாத சிறுவன் தோழரின் ஏளனத்துக்கஞ்சிச் சட்டையைக் கழற்றக் கூசுகின்றான். சிலவேளை பள்ளிக்கே வரக் கூசுகின்றான்.

இவற்றைப் பேசினாற் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்பது பண்பாட்டுக் காவலரின் வாதம். பேதை, பெதும்பை, மங்கை எனப் பெண்ணின் வளர்பருவங்களைப் பிரித்துப் பெயரிட்ட மொழி இது. தொல்காப்பியக் கற்பியலிற் பூப்புப் பற்றிய விதியே உண்டு. அச்சூத்திரத்துக்கு உரையாசிரியர் கூறும் பொருளைப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் ஆணும் பெண்ணும் அருகருகே இருந்து கேட்கின்றனர், எவரும் கெடுவதில்லை. அம்மண்டபத்திலிருந்து பட்டம் பெற்று மலையேறும் ஆசிரியருக்கு ஏழாம் வகுப்பில் மாத்திரம் நா எழாதது ஏன்?